டபுள் பேஸ் வில்லில் ரோசின் அப்பிவிட்டதா? அறிகுறி பார்த்துச் சுத்தம் செய்யும் முறை

வயலின் போல வில்லால் வாசிக்கும் பெரிய இசைக்கருவியான டபுள் பேஸைப் பழகுகிறவர்கள் என்னிடம் கொண்டுவரும் முறையீடு பெரும்பாலும் ஒன்றுதான். "வில் தந்தியைப் பிடிக்கவில்லை. எவ்வளவு ரோசின் தேய்த்தாலும் போதவில்லை." வில்லை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தால் அதில் கட்டிய குதிரைமுடி நெடுகத் தேன் நிறத்தில் ரோசின், அதாவது பிடிப்புக்காகத் தேய்க்கும் பிசின், அப்பிக் கிடக்கும். குறைந்ததால் வந்த கோளாறு அல்ல அது, மிஞ்சியதால் வந்தது. ஆனால் பிடிப்பு இல்லை என்றதும் கை ரோசின் டப்பாவைத்தான் தேடுகிறது. அப்படித் தேய்த்துத் தேய்த்தே நல்ல முடியைக் கெடுத்துவிடுகிறோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் ஊரில் யோசனை கேட்கப் போனால் கிடைப்பவர் வயலின் கலைஞர். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார். ஆனால் வயலின் ரோசின் கடினமானது, உலர்ந்தது. தேய்த்தால் பொடியாக உதிரும், துணியால் துடைத்தால் போய்விடும். டபுள் பேஸ் ரோசின் அப்படியில்லை. தடித்த தந்தியை அசைக்க வேண்டும் என்பதற்காக அதை மென்மையாகவும் பசையாகவும் செய்கிறார்கள். அது பொடியாக உதிராது. முடியோடு முடியை ஒட்டவைக்கும், காற்றில் பறக்கும் தூசியையெல்லாம் பிடித்துவைத்துக்கொள்ளும், பிறகு அந்தத் தூசியோடு சேர்ந்து இறுகும். ஆகவே வயலினுக்குச் சொன்ன வைத்தியத்தை அப்படியே இங்கே செய்யக் கூடாது. முடியில் என்ன இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதன் பிறகே கையில் துணியோ சீப்போ ஸ்பிரிட்டோ எடுக்க வேண்டும்.

ரோசின் என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். பைன் மரத்தின் பிசினைக் காய்ச்சி அதிலிருந்து டர்பன்டைன் எண்ணெயை வடித்தெடுத்த பின் அடியில் தங்குவதுதான் ரோசின். பெரும்பகுதி அபியெடிக் அமிலமும் அதன் இனத்தைச் சேர்ந்த பிற பிசின் அமிலங்களும். தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். சூடு பட்டால் இளகும், குளிர்ந்தால் கண்ணாடி போல நொறுங்கும். கீழே சொல்லப்போகும் எல்லா வழிமுறைகளும் இந்த நான்கு குணங்களிலிருந்து வந்தவைதான்.

வில் தந்தியை இழுக்கும்போது நடப்பதையும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள். முடி தந்தியைப் பற்றிக்கொண்டு சிறிது தூரம் இழுத்துப் போகிறது. தந்தி நழுவித் திரும்புகிறது. மீண்டும் முடி பற்றுகிறது. டபுள் பேஸின் நான்கு தந்திகளில் மிகத் தடித்ததான ஈ தந்தியில் இது நொடிக்கு ஏறத்தாழ 41 முறை நிகழ்கிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி.ராமன், ஒளிச்சிதறலுக்காக உலகம் அவரை அறிவதற்கு முன்பே, கல்கத்தாவில் இருந்தபோது இந்தப் பற்றலையும் நழுவலையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். வில்லால் மீட்டப்படும் தந்திகளின் அதிர்வு பற்றிய அவருடைய விரிவான ஆய்வு 1918-இல் வெளிவந்தது. பிறகு வயலினை இயந்திரத்தில் பொருத்தி, தந்தி ஒழுங்காக ஒலிக்க வில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்றும் அளந்தார். வில்லைக் கையில் எடுக்கும் எந்தத் தமிழரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. நம் வேலைக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: பற்றவும் வேண்டும், விடவும் வேண்டும். முடியில் ரோசின் குறைந்தால் பற்றல் போகிறது. அப்பிப்போனால் பற்றிய தந்தியை உரிய நேரத்தில் விட மறுக்கிறது. இரண்டிலும் காதுக்குக் கேட்பது "பிடிக்கவில்லை" என்பது போலத்தான் இருக்கும். அதனால்தான் காதை மட்டும் நம்பி மருந்து போடக் கூடாது என்கிறேன்.

முதலில் கண்ணால் பாருங்கள்

வில்லின் திருகைத் தளர்த்தி முடியைத் தொய்ய விடுங்கள். சன்னல் ஓரத்தில் அல்லது மேசை விளக்கின் அருகே, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடித்துப் பாருங்கள். மூன்றில் ஒன்று தெரியும். மாவு தூவியது போல வெள்ளைத் தூள். அல்லது பளபளக்கும் தேன் நிறக் கட்டிகளும், நாலைந்து முடிகள் சேர்ந்து கயிறாகிவிட்ட இழைகளும். அல்லது சாம்பலும் கறுப்புமாக மங்கிய பட்டை. இந்த மூன்றாவது பெரும்பாலும் கை பிடிக்கும் பக்கத்தில்தான் இருக்கும். சிலருடைய வில்லில் மூன்றும் வெவ்வேறு இடங்களில் இருக்கும். அப்போது ஒவ்வொரு இடத்துக்கும் அதற்குரிய வைத்தியம்தான்.

டபுள் பேஸ் வில்லில் கறுப்பு முடியும் போடுவார்கள். வெள்ளை முடியைவிட அது சற்றுத் தடிமனும் சொரசொரப்பும் கூடியது. கறுப்பு முடியில் மூன்றாவது வகை அழுக்கு கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைத் துணியால் ஒரே ஒரு முறை மெல்ல இழுத்துத் துணியைப் பாருங்கள்.

முடியை விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு ரோசினைவிடப் பெரிய பகை.

அறிகுறி: தந்திகளின் கீழே வெள்ளைத் தூள் கொட்டுகிறது, ஒலி கரகரக்கிறது

இது எளிது. ரோசின் கூடிவிட்டது, அல்லது ரோசின் கட்டி பழையதாகிக் காய்ந்துவிட்டது. மென்மையான பேஸ் ரோசின் நாள்பட நாள்பட இறுகும். பசைத்தன்மை போனதும் வயலின் ரோசின் போலத் தூளாகும்.

உலர்ந்த பருத்தித் துணி போதும். பலமுறை துவைத்து மெலிந்த பழைய வேட்டித் துணிக்கு நிகராக நான் எதையும் கண்டதில்லை. முடியை வாசிக்கும் அளவில் பாதிக்கு இறுக்கி, துணியை மடித்து முடிப்பட்டையைச் சுற்றிப் பிடித்து, அடியிலிருந்து நுனி வரை ஒரே திசையில் இழுங்கள். பத்துப் பதினைந்து முறை. பிறகு மூன்று நான்கு நாள் ரோசின் டப்பாவைத் தொடாமல் வாசியுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். கட்டியே காய்ந்துபோயிருந்தால் புதிது வாங்குங்கள். பழையதை உருக்கி மீண்டும் வார்க்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. வீட்டு அடுப்பில் அதைச் செய்யாதீர்கள். ரோசின் எளிதில் தீப்பற்றும், அதன் புகை மூச்சுக்குழாயை எரிக்கும்.

அறிகுறி: முடிகள் கயிறு கயிறாக ஒட்டியிருக்கின்றன, ஈ தந்தியில் ஒலி தாமதமாகத் தொடங்குகிறது

டபுள் பேஸ்காரர்களின் உண்மையான நோய் இதுதான். நிதானமாகச் சொல்கிறேன்.

வில்லை இழுக்கத் தொடங்கியதும் ஒரு கணம் "க்ர்ர்" என்று உறுமல், அதன் பின்தான் ஸ்வரம் வருகிறது. மெல்லிய ஜி தந்தியில் அவ்வளவாகத் தெரியாது, தடித்த தந்திகளுக்குப் போகப் போகக் கூடும். காரணம் இதுதான்: தந்தியின் மேல் பட வேண்டியது நூற்றுக்கும் மேற்பட்ட தனித்தனி முடிகள். அவை ஒட்டிக்கொண்டு இருபது முப்பது கயிறுகளாகிவிட்டால், ஒவ்வொரு கயிறும் தன் கட்டியால் தந்தியை வெவ்வேறு நேரத்தில் பிடிக்கிறது. சீரான பற்றல் கிடைப்பதில்லை.

இங்கே உடனே ஸ்பிரிட்டை எடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. இத்தனை ரோசின் இருக்கும்போது ஸ்பிரிட் ஊற்றினால் அது கரைந்து, முடி முழுவதும் ஒரே பூச்சாகப் பரவி, காய்ந்ததும் அரக்குப் பூசியது போல ஆகிவிடும். கட்டியாக இருப்பதைக் கட்டியாகவே உடைத்து வெளியேற்ற வேண்டும்.

ரோசின் குளிர்ந்தால் நொறுங்கும் என்றேன் அல்லவா? அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஏசி உள்ள அறையில் வில்லை ஒரு மணி நேரம், முடி தளர்ந்த நிலையில், வைத்துவிடுங்கள். குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் ஈரம் பூக்கும், மரத்துக்கும் ஆகாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே இந்த வேலையைச் செய்தால் கட்டிகள் உடையாமல் நசுங்கிப் பரவும். ஏசி இல்லையென்றால் விடியற்காலையில் செய்யுங்கள்.

பிறகு முடியை மிக லேசாக, பட்டையாக நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். மேசை மேல் பழைய செய்தித்தாளை விரித்து வில்லைப் பக்கவாட்டில் பிடியுங்கள். உலர்ந்த பழைய பல்துலக்கி ஒன்றை எடுத்து முடியின் இரு முகங்களிலும் அடியிலிருந்து நுனி நோக்கித் தேயுங்கள். குறுக்கே தேய்க்காதீர்கள். கட்டிகள் நொறுங்கித் தாளில் விழுவதைப் பார்க்கலாம். பெரிய கட்டி அசையவில்லை என்றால் இரண்டு அடுக்குத் துணிக்குள் முடியை வைத்து, துணியின் மேலிருந்து கட்டியை மெல்ல நசுக்கி உடைத்துவிட்டு மறுபடி துலக்குங்கள்.

அடுத்தது பேன்சீப்பு. பிளாஸ்டிக் சீப்பாக இருந்தால் பல்லில் பிசிறு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடியை முழுக்கத் தளர்த்திவிட்டு, நுனியிலிருந்து நான்கு விரல் தள்ளித் தொடங்கி, நுனியை நோக்கியே வாருங்கள். பிறகு இன்னும் நான்கு விரல் பின்னால் வந்து அங்கிருந்து நுனி வரை. இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி அடி வரை வர வேண்டும். நீண்ட கூந்தலில் சிக்கெடுப்பவர்கள் நுனியில் தொடங்குவதும் இதே காரணத்துக்காகத்தான்: அடியில் தொடங்கினால் எல்லாச் சிக்கும் ஓரிடத்தில் சேர்ந்து முடி அறும். சீப்பு நிற்கும் இடத்தில் இழுக்காதீர்கள். எடுத்துவிட்டு அந்த இடத்தை மறுபடி துலக்குங்கள்.

கடைசியில் துணியால் துடைத்து வாசித்துப் பாருங்கள். நான் பார்த்த வில்களில் பெரும்பான்மை இந்த இடத்திலேயே குணமாகிவிட்டன. ஸ்பிரிட்டுக்குப் போக வேண்டிய தேவையே வரவில்லை. ரோசினைப் புதிதாகத் தேய்க்காமலே ஒரு வாரம் வாசித்தவர்களும் உண்டு, ஏனென்றால் முடிக்குள் இருந்த ரோசினே அப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியிருக்கும்.

அறிகுறி: முடி கண்ணாடி போல மின்னுகிறது, வழுக்குகிறது, புது ரோசின் ஒட்டவே மாட்டேன் என்கிறது

துலக்கியும் சீவியும் மாறவில்லை என்றால் பழைய ரோசின் முடியின் மேல் மெல்லிய ஓடாகப் படிந்து இறுகிவிட்டது என்று பொருள். வெவ்வேறு ரோசின்களை மாற்றி மாற்றித் தேய்த்தவர்களின் வில்லில் இது சீக்கிரம் வரும். ஒவ்வொரு தயாரிப்பாளரும் பிசினை மென்மையாக்கச் சேர்ப்பவை வேறு வேறு. ஒன்றின் மேல் ஒன்று பூசும்போது இரண்டின் நல்ல குணமும் கெடலாம். இங்கேதான் ஸ்பிரிட் தேவைப்படுகிறது.

எந்த ஸ்பிரிட்? 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோபைல் ஆல்கஹால் நல்லது. கை கழுவும் சானிடைசர் வேண்டவே வேண்டாம். அதில் கையின் ஈரம் காக்கக் கிளிசரின் சேர்ப்பார்கள், அது முடியிலேயே தங்கிவிடும். சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கினால் மேலே ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். சில வகைகளில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். நகப்பூச்சு நீக்கும் திரவம், டர்பன்டைன், பெட்ரோல் எதுவும் இந்த வேலைக்கு ஆகாது.

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. ஆல்கஹால் ரோசினை மட்டும் கரைப்பதில்லை. வில்தண்டின் மேல் பூசியிருக்கும் மெருகையும் கரைக்கும். பல வில்களுக்குத் தச்சர்கள் மேசை நாற்காலிக்குப் போடும் அதே அவலரக்கு (ஷெல்லாக்) மெருகுதான் போட்டிருப்பார்கள். அதை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே பூசுகிறார்கள்? ஸ்பிரிட் பட்டால் அது திரும்பக் கரைகிறது. நான் பழகத் தொடங்கிய காலத்தில் வில்லைக் கழற்றாமலே நனைந்த பஞ்சால் துடைத்தேன். நான்கு துளி தண்டில் வழிந்தது. அந்த நான்கு கோடும் இன்றுவரை அந்தத் தண்டில் வெளுத்துக் கிடக்கின்றன. வாசிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் மனம் வலிக்கிறது. ஆகவே தண்டைத் தனியே பிரித்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

1. காற்றோட்டமான அறையைத் தேர்ந்தெடுங்கள். பூஜை விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் அருகில் எரியக் கூடாது. ரோசின் பட்டால் தோலில் அரிப்பு வரும் சிலர் உண்டு. அவர்கள் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

2. திருகை முழுவதும் சுற்றிக் கழற்றி வெளியே எடுங்கள். முடியின் அடிப்பகுதியைப் பிடித்திருக்கும் கருங்காலிக் கட்டை, அதாவது ஃப்ராக், தண்டிலிருந்து விடுபடும். அதற்குள் திருகு நுழையும் சிறு பித்தளை மரை ஒன்று இருக்கும். அதைத் திருப்பாதீர்கள். ஃப்ராக்கைச் சுழல விடாதீர்கள். சுழன்றால் முடிப்பட்டை முறுக்கிக்கொள்ளும், திரும்பப் பூட்டும்போது ஒரு பக்க முடி மட்டும் இறுகும். கையை மேலிருந்து வைத்துப் பிடிக்கும் பிரெஞ்சு வில்லானாலும், உள்ளங்கை மேல் நோக்கப் பக்கவாட்டில் பிடிக்கும் ஜெர்மன் வில்லானாலும் இதில் வேறுபாடு இல்லை.

3. தண்டை ஒரு துண்டால் முழுக்கச் சுற்றி மேசை மேல் வையுங்கள். முடி மட்டும் மேசை விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். ஃப்ராக்கை உதவியாளர் ஒருவர் பிடித்துக்கொண்டால் வேலை மிக எளிது. வீட்டில் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள்.

4. துணியில் ஸ்பிரிட்டை ஊற்றி, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, முடியைத் துணிக்குள் மடித்து அடியிலிருந்து நுனி நோக்கி இழுங்கள். இரு முனைகளிலும் மூன்று விரல் அகலத்தை விட்டுவிடுங்கள். ஏனென்றால் முடியின் முனைகளை நூலால் கட்டி, அந்த முடிச்சை ரோசினாலோ பசையாலோ இறுக்கி, மர ஆப்பு வைத்து அடைத்திருப்பார்கள். ஸ்பிரிட் உள்ளே போனால் அந்த முடிச்சு இளகும். ஒரு நாள் கச்சேரி நடுவே முடி மொத்தமும் கழன்று வரும்.

5. துணியில் மஞ்சளும் பழுப்பும் சாம்பலும் இறங்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புதிய இடத்தைப் பயன்படுத்துங்கள். இதைத் தவறவிட்டால் கரைந்த ரோசினையே திரும்பப் பூசுகிறீர்கள். துணி வெளுப்பாக வரும் வரை செய்யுங்கள். நான்கைந்து துண்டுத் துணி செலவாகும்.

6. முடி ஈரமாக இருக்கும்போது ஒரே ஒரு முறை பேன்சீப்பால் மெல்ல வாரிவிடுங்கள். காயும்போது மறுபடி ஒட்டாமல் இருக்க இது உதவும்.

7. ஸ்பிரிட் சில நிமிடத்தில் ஆவியாகிவிடும். ஆனாலும் உடனே பூட்டாதீர்கள். கோடையில் இரண்டு மணி நேரம், ஐப்பசி கார்த்திகை மழையில் ஓர் இரவு முழுவதும். முடி நீர் பட்டால் நீளும், காய்ந்தால் சுருங்கும். அரைகுறை ஈரத்தில் இறுக்கிவிட்டு மறுநாள் பார்த்தால் வில்லின் நுனி அளவுக்கு மீறிய இழுப்பில் இருக்கும். நுனி முறிந்துகூடப் போகலாம்.

முடியைத் தலைக்கு ஊற்றும் ஷாம்புவால் கழுவலாமா என்று கேட்பார்கள். தண்ணீரில் ரோசின் கரையாது. நுரையும் நீரும் ஆப்புகளை நனைப்பதுதான் மிச்சம்.

இந்த ஸ்பிரிட் குளியலை ஒரு முடிக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்பச் செய்தால் முடி வறண்டு முறியும்.

அறிகுறி: கழுவிக் காய்ந்ததும் முடி வெள்ளையாகப் பூத்திருக்கிறது

பயப்படாதீர்கள். ஸ்பிரிட்டில் தண்ணீர் அதிகம் இருந்திருக்கிறது. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 70 சதவீத வகையில் மிச்சம் பெரும்பாலும் நீர்தான். ஆல்கஹால் முந்தி ஆவியாகிவிட, கரைந்திருந்த ரோசின் நீரில் நிற்க முடியாமல் பாலாகத் திரிந்து முடியிலேயே படிகிறது. நன்றாகக் காய்ந்த பிறகு துலக்கி, உலர்ந்த துணியால் துடையுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் அடர்த்தியான ஸ்பிரிட்டும் புதிய துணியுமாக ஒரு முறை மட்டும்.

அறிகுறி: கை பிடிக்கும் பக்கத்தில் மட்டும் ஒரு சாண் கறுத்து வழுக்குகிறது

ரோசின் குற்றவாளி அல்ல. கையின் வியர்வையும் எண்ணெயும்தான். ஜெர்மன் பிடியில் சுண்டு விரல் ஃப்ராக்கின் அடியில், முடி தொடங்கும் வளையத்தை ஒட்டி இருக்கும். பிரெஞ்சுப் பிடியில் கட்டைவிரல் முடியின் ஓரத்தைத் தொட்டுவிடும். தேங்காய் எண்ணெய் தடவிய தலையைக் கோதிய கையால் வில்லை எடுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. வில்லுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

மேலே சொன்னபடி ஃப்ராக்கைக் கழற்றி, அந்த ஒரு சாணை மட்டும் ஸ்பிரிட் துணியால் துடைத்தால் போதும். வளையத்தை ஒட்டிய மூன்று விரல் அகலத்தை இங்கும் விட்டுவிட வேண்டும். அந்தப் பகுதி கறுப்பாகவே இருந்தாலும் இருக்கட்டும். அங்கே யாரும் வாசிப்பதில்லை.

அறிகுறி: சித்திரையில் தொடங்கி ஆடி வரை வில் ஒட்டுகிறது, தந்தியிலும் பிசுபிசுப்பு

இது அழுக்கு அல்ல, தட்பவெப்பம். அமெரிக்காவின் பாப்ஸ் மிக மென்மையான ரோசின். அதன் கட்டியை டப்பாவோடு சாய்த்து வைத்தால் வெயில் நாளில் ஒரு பக்கமாக வழிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்வீடனின் கார்ல்சனும் நைமனும் அதைவிடக் கடினமானவை. கோல்ஸ்டைன் போன்ற தயாரிப்பாளர்கள் மென்மை, கடினம் என்று தரம் பிரித்தே விற்கிறார்கள். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கோடையில் கடினமான வகைதான் ஏற்றது. ஏசி அரங்கில் மட்டும் வாசிப்பவர் என்றால் மென்மையானதையே வைத்துக்கொள்ளலாம். மாற்றுவதாக இருந்தால் முதலில் முடியைத் துலக்கிச் சீவிவிட்டு மாற்றுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வில்லையும் ரோசினையும் விட்டுச் செல்லாதீர்கள்.

தேய்க்கும் முறையும் முக்கியம். வயலின்காரர்கள் மேலும் கீழுமாகத் தேய்ப்பார்கள். மென்மையான பேஸ் ரோசினை அப்படித் தேய்த்தால் கட்டியின் மேல்பகுதி உருண்டு திரண்டு முடியில் அப்பும். அடியிலிருந்து நுனிக்கு ஒரே திசையில், நிதானமாக, இரண்டு மூன்று இழுப்பு. அன்றாடத்துக்கு அது போதும். நொறுங்கிய துணுக்கு முடியில் ஒட்டினால் அப்போதே எடுத்துவிடுங்கள், நாளைக்கு அதுதான் கட்டியாகும்.

அறிகுறி: சுத்தம் செய்த பிறகு ஒலியே இல்லை

இருக்காது. ரோசின் இல்லாத முடி தந்தியின் மேல் ஓசையின்றி வழுக்கும். அது வெற்றியின் அடையாளம். ஆனால் பதறிப்போய் நாற்பது முறை தேய்த்து மறுபடி பழைய நிலைக்கே போய்விடாதீர்கள்.

ஆறு இழுப்புத் தேயுங்கள். ஏ தந்தியில் நீண்ட வில்லாக ஐந்து நிமிடம் வாசியுங்கள். தந்தியின் உராய்வில் எழும் சூடு ரோசினை இளக்கி முடி நெடுகப் பரப்பும். மறுபடி நான்கு இழுப்பு, மறுபடி வாசிப்பு. மூன்று சுற்றில் பிடிப்பு வந்துவிடும். ஓரிடத்தில் மட்டும் வழுக்கினால் அந்த இடத்தில் மட்டும் தேயுங்கள். சிலர் முதல் பூச்சுக்குக் கடினமான ரோசினையும் அதன் மேல் மென்மையானதையும் போடுவார்கள். இரண்டும் ஒத்துப்போகும் என்று தெரிந்தால் செய்யுங்கள். நான் ஒரே ரோசினோடு நின்றுகொள்கிறேன்.

அறிகுறி: வில் சுத்தம், ஆனாலும் கீச்சென்கிறது

தந்தியைப் பாருங்கள். வில் படும் இடத்தில் தந்தி மேல் வெள்ளையாகவோ பழுப்பாகவோ ஓடு கட்டியிருக்கும். உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் ஸ்பிரிட் தொட்ட துணிதான். ஆனால் அதற்கு முன் தந்திகளுக்குக் கீழே, இசைக்கருவியின் மேற்பலகையை மூடும்படி தடித்த துண்டு ஒன்றை விரித்தே ஆக வேண்டும். ஒரு துளி விழுந்தாலும் வார்னிஷ் போய்விடும். விரல்பலகையின் பக்கமும் போகாதீர்கள், கறுப்புச் சாயம் ஏற்றிய பலகையானால் சாயம் இறங்கும்.

மேற்பலகையில் விழுந்த ரோசின் தூளை ஒவ்வொரு நாளும் வாசித்து முடித்ததும் துடைத்துவிடுங்கள். நாள்கணக்கில் விட்டால் அது வார்னிஷோடு சேர்ந்து ஒன்றாகிவிடும். அதன் பின் அதை எடுப்பது இசைக்கருவி செப்பனிடுபவரின் வேலை, வீட்டு வேலை அல்ல.

அறிகுறி: எல்லாம் செய்தாயிற்று, பிடிப்பு திரும்பவில்லை, முடியும் அறுந்துகொண்டே இருக்கிறது

முடியின் ஆயுள் முடிந்துவிட்டது. நாள்தோறும் பல மணி நேரம் வாசிப்பவருக்கு முடி சில மாதங்களிலேயே தேய்ந்துவிடும். அப்போது மாற்றுவதுதான் வழி. அறுந்த முடியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் ஆப்பு தளரும். முனையை ஒட்டிக் கத்தரிக்கோலால் நறுக்குங்கள். ஒரு பக்க முடி மட்டும் நிறைய அறுந்திருந்தால் இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டும். மிஞ்சிய பக்கத்தின் இழுப்பு தண்டை வளைத்துவிடும்.

வாசிக்காமலே வைத்திருந்த வில்லில், பெட்டியைத் திறந்ததும் முடிகள் கொத்தாக அறுந்து தொங்கினால் அது வேறு கதை. இருட்டில், மூடிய பெட்டிக்குள், கம்பளியையும் முடியையும் தின்னும் சிறு வண்டுகளின் புழுக்கள் குடியேறியிருக்கின்றன. அதற்கு எந்தச் சுத்தமும் உதவாது. பழைய முடியை உடனே அறுத்து வீட்டுக்கு வெளியே எறிந்துவிடுங்கள். பெட்டியின் உள்துணியை மூலைமுடுக்கெல்லாம் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்து, பெட்டியைக் காலியாகத் திறந்தபடி இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் வையுங்கள். இதையெல்லாம் வில் முடி மாற்றப் போயிருக்கும் நாள்களிலேயே முடித்துவிடுங்கள். புது முடியோடு வரும் வில் பழைய பெட்டிக்குள் நேராகப் போய்ப் படுக்கக் கூடாது.